சுத்தமான கருப்பட்டி கேட்கிறவர்களுக்கு ஒரு வாத்தியாரின் பதில்

குடுமியான்மலையிலிருந்து உங்கள் அறிவியல் வாத்தியார். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காபியைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். அது கருப்பட்டிக் காபியாக இருந்தால் இன்னும் பொருத்தம்.

கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "சார், சுத்தமான கருப்பட்டி எங்க சார் கிடைக்கும்?" என்பதுதான். சென்னையில் இருக்கும் மாணவர்கள் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை கேட்கிறார். போன வாரம் விராலிமலையில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருத்தர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தமான கருப்பட்டி இன்றும் கிடைக்கிறது. ஆனால் அது கைக்கு வந்தால் நம்மில் பாதிப்பேர் "இது நல்லா இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். கலப்படத்துக்கு வியாபாரிதான் காரணம் என்று சொல்வது சுலபம். வாங்குகிற நம்முடைய கண்ணும் நாக்கும் அதில் பங்காளிகள். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கருப்பட்டி எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நகரத்தில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

பனையின் பாளையைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். அதைப் பிடிக்கக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர். தடவாமல் விட்டால் காற்றில் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கி, சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும், அது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. வித்தியாசம் சுண்ணாம்பு மட்டும்தான். பத்தாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்தும்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன், நினைவிருக்கிறதா? காரத்தன்மை கூடினால் ஈஸ்ட் வளராது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சுண்ணாம்பில்தான் கைப்பக்குவமே இருக்கிறது. குறைந்துவிட்டால் பதனீர் லேசாகப் புளிக்கும். புளித்தால் அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிவிடும். அப்படி உடைந்த சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் சரியாக உறையாது; பிசுபிசுவென்று இருக்கும். சுண்ணாம்பு கூடிவிட்டால் கருப்பட்டி கறுத்துப்போகும், நாக்கில் ஒரு காறல் நிற்கும்.

பதனீரை வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மணிக்கணக்கில் விறகு வைத்துக் காய்ச்ச வேண்டும். பெரும்பாலும் இது வீட்டுப் பெண்களின் வேலை. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு நுரையை அடக்குவார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். உருண்டு திரண்டால் இறக்கி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்தக் கிண்ண வடிவம். சுமார் 10 லிட்டர் பதனீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். நல்ல பதனீராக இருந்தால் கொஞ்சம் கூடலாம். இந்த 10 லிட்டர் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்னச் சோதனை. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் சோதனை செய்யும் புத்தி ஓய்வு பெறுவதில்லை.

மூன்று இடத்துக் கருப்பட்டியை வாங்கி வைத்தேன். முதலாவது சாயல்குடிப் பக்கம் ஒரு குடும்பம் காய்ச்சியது. புருஷன் மரம் ஏறுகிறார், மனைவி காய்ச்சுகிறார். என் பழைய மாணவர் ஒருவரின் சம்பந்தி வழியில் பழக்கம். இரண்டாவது டவுனில் ஒரு மளிகைக் கடையில் வாங்கியது. மூன்றாவது நெடுஞ்சாலையோரக் கடையில் அழகான அட்டைப்பெட்டியில், "இயற்கை" என்று பச்சை எழுத்தில் போட்டு விற்றது. மூன்றையும் உடைத்து, 1, 2, 3 என்று சீட்டு ஒட்டிய தட்டுகளில் வைத்தேன். எது எங்கே வாங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ருசி பார்த்தவர்கள்: என் மனைவி, கொழுந்தியா, சகலை, ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி, எதிர்வீட்டு ஆத்தா. ஆத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், பனங்காட்டு ஓரம்.

நான்கு பேர் சொல்லிவைத்த மாதிரி இரண்டாம் எண்ணைத்தான் நல்லது என்றார்கள். காரணமும் சொன்னார்கள். "நல்ல கலரு", "கையில ஒட்டல", "நல்லா இனிக்குது." பேத்தி முதல் தட்டைத் தொட்டுவிட்டு, "தாத்தா, இது கெட்டுப்போச்சு, பிசுபிசுங்குது" என்றாள். சகலை ஒரு படி மேலே போய், "அண்ணே, ஒண்ணாம் நம்பர்ல உப்புக் கரிக்குது, உங்கள ஏமாத்திட்டாங்க" என்றார்.

ஆத்தா பேசவே இல்லை. மூன்றையும் முதலில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தது. பிறகு முதல் தட்டிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டு, கடிக்காமல் ஒதுக்கி வைத்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னது: "இதுலதான்யா பனை இருக்கு. ரெண்டாவதுல சீனி இருக்கு. மூணாவதுல என்ன இருக்குன்னே தெரியல." அதோடு விடவில்லை. "ஆனா ஒண்ணு, இத காய்ச்சுன புள்ள சுண்ணாம்ப கூட்டிப்புட்டா. காறுது பாரு."

பிள்ளைகளே, இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஆத்தா அசலைக் கண்டுபிடித்தது மட்டுமில்லை, அந்த அசலில் உள்ள குறையையும் சொன்னது. சுத்தமானதா என்பது ஒரு கேள்வி. நல்லதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சுத்தமான கருப்பட்டியிலும் சுமாரானது உண்டு, நல்லது உண்டு, மிக நல்லது உண்டு. அதைப் பிரித்துச் சொல்லும் நாக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் ஊருக்கு நாலு பேருக்காவது இருந்தது. இன்று ஆத்தா மாதிரி ஒன்றிரண்டு பேர்தான்.

நம்மூர் மலைச் சரிவில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்க்க உங்களை வரிசையாக அழைத்துப் போயிருக்கிறேன். ருத்ராசாரியர் என்பவரின் மாணவனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக அந்தச் சுரக்கோவைகளை இயற்றியதாக அந்தக் கல்வெட்டின் முடிவில் இருக்கிறது. நுட்பமான சுர வேறுபாடுகளைக் காது பழக வேண்டும் என்று பாறையிலேயே பாடம் வெட்டி வைத்த ஊர் நம்முடையது. காதைப் பழக்கலாம் என்றால் நாக்கையும் பழக்கலாம்.

சரி, உடனே வீட்டிலேயே கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை இல்லையா என்று கேட்பீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு தடவை ஒரு பதிவு சுற்றுகிறது. தண்ணீரில் போட்டால் இத்தனை நிமிடத்தில் கரைந்தால் அசல், கரையாவிட்டால் போலி, உடைத்தால் உள்ளே மினுங்கினால் போலி, இப்படி ஏழெட்டு. அறிவியல் வாத்தியாராக ஒரு வார்த்தை சொல்கிறேன்.

பனஞ்சாற்றில் இருக்கும் முக்கியமான சர்க்கரை சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சீனியும் சுக்ரோஸ்தான். கலந்திருப்பதும் கலக்கப்பட்டதும் ஒரே வேதிப்பொருள். பாலில் தண்ணீர் கலந்தாலோ, மஞ்சளில் சாயம் கலந்தாலோ கண்டுபிடிப்பது மாதிரி இதைச் சுலபமாகப் பிடிக்க முடியாது. தண்ணீரில் கரையும் நேரம் துண்டின் அளவைப் பொறுத்தது, இறுக்கத்தைப் பொறுத்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் ஆய்வகத்தில் ஒரு வழி இருக்கிறது. கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு. கரும்பு சி4 வகைத் தாவரம், பனை சி3 வகை. காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12, மிகச் சிறு பங்கு கார்பன்-13. இந்த இரண்டையும் அந்த இரு வகைத் தாவரங்களும் வெவ்வேறு விகிதத்தில் எடுத்துக்கொள்கின்றன. அந்த விகிதத்தை அளந்தால், சுக்ரோஸ் ஒன்றுதான் என்றாலும் அது கரும்பு வீட்டுப் பிள்ளையா பனை வீட்டுப் பிள்ளையா என்று சொல்லிவிடலாம். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டு அடுப்படியில் இது முடியாது.

அடுப்படியில் நமக்கு இருப்பது அறிகுறிகள்தான், சாட்சியம் கிடையாது. சீனி அதிகம் கலந்தது கல் மாதிரி இறுகியிருக்கும். வாயில் போட்டால் நறநறவென்று படிகம் பல்லில் படும். இனிப்பு சட்டென்று ஏறி சட்டென்று போய்விடும். பனை மட்டும் உள்ளது மெதுவாகக் கரையும்; இனிப்புக்குப் பின்னால் ஒரு புகை வாசனையும், லேசான உப்புக் கரிப்பும், தொண்டையில் நிற்கும் ஒரு கனமும் இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து இளகும். அதனால்தான் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நிறம் கொஞ்சம் மாறும். எல்லாத் துண்டும் அச்சில் வார்த்தது போல ஒரே நிறமாக, வருடம் முழுதும் ஒரே மாதிரி இருந்தால் எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும்.

இந்த "ஒரே மாதிரி" என்ற ஆசை நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இதைச் சொன்னது பாரிஸில் இருக்கும் என் பழைய மாணவன். பெயரைச் சொன்னால் அவன் மாமியார் படித்துவிடுவார், அதனால் வேண்டாம். அங்கே ஓர் உணவகத்தின் சமையல்கூடத்தில் வேலை. முதலாளியோடு பிரான்ஸின் தென்மேற்கே ஷரான்ட் ஆற்றுப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் பண்ணைக்குப் போயிருக்கிறான். கோன்யாக் என்ற பிராந்தி காய்ச்சுகிற குடும்பம். நான் குடிக்கிறவன் இல்லை, யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அவன் போனில் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சாயல்குடிதான் ஞாபகம் வந்தது.

கோன்யாக் என்பது ஊர்ப்பெயர். அந்த ஊரைச் சுற்றி எல்லை வகுத்த பகுதியில் விளைந்த திராட்சையில், செம்பு வாலையில் இரண்டு தடவை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 2 வருடம் ஊற வைத்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். எல்லையை 1909-லேயே அரசு ஆணை போட்டு வகுத்துவிட்டார்கள். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் காய்ச்சி முடித்துவிட வேண்டும் என்பது வரை விதி இருக்கிறது. ஒரு லிட்டர் வடிப்பதற்குச் சுமார் 9 லிட்டர் திராட்சை மது வேண்டுமாம். நம் 10 லிட்டர் பதனீரும் ஒரு கிலோ கருப்பட்டியும் நினைவுக்கு வருகிறதா?

இவ்வளவு கறாரான விதிகளிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. நிறத்துக்குக் கேரமல், கொஞ்சம் சர்க்கரை, ஓக் மரத்தை ஊற வைத்த சாறு, இவற்றை ஓரளவு சேர்க்கலாம் என்று அனுமதி இருக்கிறது. அது சட்டப்படி சரிதான், கலப்படம் என்று சொல்ல முடியாது. ஹென்னெசி, மார்ட்டெல், ரெமி மார்ட்டின், கூர்வாசியே என்ற நான்கு பெரிய நிறுவனங்கள்தான் விற்பனையில் பெரும்பங்கு. உலகம் முழுக்க அனுப்பும்போது எல்லாப் பாட்டிலும் ஒரே நிறமாக, ஒரே ருசியாக இருக்க வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. சிறு உற்பத்தியாளர்கள் சிலர் மட்டும், பீப்பாய் கொடுத்த நிறம் போதும், வேறு எதுவும் சேர்ப்பதில்லை என்று நிற்கிறார்கள். நம் பையன் போன பண்ணை அந்த வகை.

அவர் இரண்டு கிளாஸ் வைத்தாராம். கடையில் வாங்கிய ஒன்று நல்ல செம்பழுப்பு. அவருடையது வைக்கோல் நிறம். "சார், பார்த்ததும் கடைச் சரக்குதான் உசத்தின்னு நெனச்சேன்" என்றான். என் பேத்தி இரண்டாம் எண் தட்டை எடுத்ததும் இதே கணக்குதான். பிறகு அந்தப் பெரியவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். கிளாஸைப் போட்டு ஆட்டாதே. முதலில் தள்ளி வைத்து மோந்து பார், பிறகு கிட்டே. ஒரே ஒரு சொட்டு நாக்கில் வை. விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார். கடைசியாக, காலி கிளாஸை மறுநாள் காலையில் மோந்து பார். நல்ல சரக்கு அப்போதும் பேசுமாம். தன் சரக்கில் ஒரு வருடத்துப் பீப்பாயில் மரக் காறல் கூடிவிட்டது என்று அவரே எடுத்துக் காட்டவும் செய்தாராம். எதிர்வீட்டு ஆத்தா சுண்ணாம்புக் காறலைச் சொன்னது போலவே.

நம் பக்கத்து நிலவரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிராந்திக்கு நல்ல விற்பனை. ஆனால் நம் நாட்டு விதிப்படி, கலப்புப் பிராந்தியில் திராட்சையில் வடித்தது நூற்றுக்கு 2 பங்கு இருந்தால் போதும். மீதி கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயமாக இருக்கலாம். பெயர் திராட்சையுடையது, உள்ளே கரும்பு. கருப்பட்டியிலும் அதேதான்: பெயர் பனையுடையது, உள்ளே கரும்பு. பிராந்திக்காவது அப்படி விதி எழுதி வைத்திருக்கிறார்கள். கருப்பட்டிக்கு அந்த அனுமதியும் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையினர் தென்மாவட்டங்களில் கருப்பட்டி காய்ச்சும் இடங்களில் மூட்டை மூட்டையாகச் சீனியைக் கைப்பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இனி கணக்குக்கு வருவோம். சாயல்குடிக் கருப்பட்டியை நான் வாங்கியது கிலோ 400 ரூபாய். சீனி கிலோ 45 என்று வைப்போம். பாதிக்குப் பாதி கலந்தால் ஒரு கிலோ 222 ரூபாய் 50 காசு. மளிகைக் கடையில் நான் வாங்கியது 240. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். 400 ரூபாய் என்பது கொள்ளை விலையா? 10 லிட்டர் பதனீர் என்றால் லிட்டருக்கு 40 ரூபாய். அதற்குள்தான் மரம் ஏறிய கூலி, விறகு, காய்ச்சியவரின் ஒரு பொழுது எல்லாம் அடங்க வேண்டும். சாலையோரத்தில் பதனீர் விற்கிறவரிடம் ஒரு டம்ளர் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், 400 எவ்வளவு குறைவு என்று தெரியும்.

மரம் ஏறுவதையும் கணக்கிடுங்கள். ஒரு மரம் 40 அடி. ஒருவர் 30 மரம் ஏறுகிறார். காலை, மாலை இரண்டு வேளை. மொத்தம் 2,400 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். திருச்சி மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஒரே நாளில் எட்டு ஒன்பது தடவை ஏறி இறங்குவதற்குச் சமம். அங்கே படி இருக்கிறது, இங்கே இல்லை. அடுத்த தலைமுறை இதைச் செய்ய மாட்டேன் என்கிறது என்றால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ஏறும் ஆள் வருடத்துக்கு வருடம் குறைகிறார். கருப்பட்டிக் காபிக் கடையோ நெடுஞ்சாலை நெடுக முளைக்கிறது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் முடிந்துவிடும் பருவத்தில் கிடைக்கிற பொருள், வருடம் முழுதும் எல்லா ஊரிலும் எப்படிக் கிடைக்கிறது? நடுவில் உள்ள பள்ளத்தை எதை வைத்து நிரப்புகிறார்கள்? கேள்வியிலேயே விடை இருக்கிறது.

காய்ச்சுகிறவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். அந்தச் சாயல்குடி அம்மா சொன்னது: "சீனி போடாம காய்ச்சுனா எளகுதுன்னு கடைக்காரரு திருப்பி அனுப்புறாரு. மழையில நனைஞ்சு பதனி கெட்டுப்போச்சுன்னா சீனி போட்டாத்தான் ஒறையும். போடலன்னா அன்னைக்கு ஒழைப்பு மண்ணு. நாங்க போடுறதில்ல. ஆனா போடுறவங்கள நான் வைய மாட்டேன் சார்." பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் கேட்கிற நிறத்தில், அவர் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க முடியும். அவருடைய கைக்கு அந்தச் சீனி மூட்டையைத் தள்ளுவது சந்தை. சந்தை என்றால் நாம்தான்.

அந்தச் சந்தையை ஊதிப் பெருக்கியது எது? ஒரு பொய். "கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு நல்லது" என்ற பொய். உறவுகளே, இதை உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் குடும்பத்திலேயே நாலைந்து பேர் மாத்திரை போட்டுக்கொண்டு, "சீனிதான் ஆகாது, கருப்பட்டி சாப்பிடலாம்" என்று மூன்று வேளையும் கருப்பட்டிக் காபி குடிக்கிறீர்கள். முன்பே சொன்னேன், கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியும் சுக்ரோஸ். கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், வாட்ஸ்அப்பைக் கேட்காதீர்கள்.

கருப்பட்டியை மருந்து என்று நினைத்து வாங்குகிறவர் ருசியைப் பார்ப்பதில்லை. பெட்டியில் உள்ள எழுத்தைப் பார்க்கிறார். எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ருசிக்காக வாங்குகிறவரை ஏமாற்றுவது கஷ்டம். குறைவாக வாங்குவார், நல்லதாகக் கேட்பார். பனைக்கும் அதுதான் நல்லது, உடம்புக்கும் அதுதான் நல்லது.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை நடும் திட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்லது. ஆனால் இன்று நட்ட விதை பாளை விடப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகலாம். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று அடிக்கடி எடுத்துச் சோதிக்கவும் ஆள் வேண்டும், கருவி வேண்டும். சீனி கலந்ததை விற்கக்கூட விற்கட்டும். ஆனால் "பனையும் கரும்பும் கலந்தது, இத்தனை பங்கு" என்று மேலே எழுதி விற்கட்டும். வாங்குகிறவர் தெரிந்து வாங்குவார். சுத்தமாகக் காய்ச்சுகிறவருக்கு அப்போதுதான் அவருக்குரிய விலை கிடைக்கும். இது என் உறுதியான கருத்து. உங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையில், பத்திரிகையில், ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். இதை எடுத்துப் பேசுங்கள். வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கும் உரிமை வாங்கியவருக்கு 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மற்றவர்கள் செய்யக்கூடியது மூன்று.

ஒன்று, பருவத்தில் வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, நாலைந்து குடும்பம் சேர்ந்து, காய்ச்சுகிறவரிடமே வாங்குங்கள். முடிந்தால் தை மாதமே பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கும் நிர்ப்பந்தம் அவருக்குக் குறையும். யார் காய்ச்சியது என்று தெரிந்து வாங்குவதைவிடப் பெரிய சோதனை நம் கையில் இல்லை.

இரண்டு, நாக்கைப் பழக்குங்கள். நான் செய்தது போல இரண்டு மூன்று இடத்துக் கருப்பட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதுவென்று தெரியாமல் ருசி பாருங்கள். தனியாகச் சாப்பிட்டால் எல்லாம் இனிப்புதான். பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். முதலில் மோந்து பாருங்கள், கடிக்காமல் கரைய விடுங்கள், பின்ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். வீட்டில் பழைய ஆள் இருந்தால் அவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். அவர் போன பிறகு சொல்லித்தர ஆள் கிடையாது.

மூன்று, குறையைக் காய்ச்சியவரிடமே சொல்லுங்கள். ஆத்தா சொன்ன சுண்ணாம்புக் காறலை நான் சாயல்குடிக்குப் போன் செய்து சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "ஆமா சார், அந்த வாரம் கலயத்துக்குப் புதுச் சுண்ணாம்பு" என்றார். இதுவரை வாங்கியவர்களில் ஒருத்தர்கூட ருசியைப் பற்றிப் பேசியதில்லையாம். எல்லோரும் நிறத்தையும் விலையையும்தான் கேட்டார்களாம். அடுத்து வந்த காய்ச்சலில் காறல் இல்லை.

அடுத்த பருவத்துக்கு வேண்டுமென்றால் கீழே கருத்துப் பகுதியில் பெயரும் எத்தனை கிலோ என்பதும் எழுதுங்கள். நான் இதில் ஒரு பைசா வைத்துக்கொள்வதில்லை, காய்ச்சுகிறவரின் தொடர்பை உங்களுக்குக் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை. பார்சல் வந்ததும், "சார், இளகியிருக்கு, கறுப்பா இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலரா இருக்கு" என்று எனக்குப் போன் செய்யக் கூடாது. அப்படிச் செய்கிறவர்கள் இந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். வகுப்பில் சொன்ன மாதிரிதான், பெஞ்சு மேல் ஏறி நின்று.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்
குடுமியான்மலை